ஸய்யிதுல் இஸ்திஃக்ஃபார் ஓதினால் பிறர் உரிமையைப் பறித்த பாவமும் நீங்கிவிடுமா?

வினவுபவன்:
அஸ்ஸலாமு அலைக்கும். பாவமன்னிப்புக் கோரும் துஆக்களில் (பிரார்த்தனைகளில்) தலைசிறந்ததான ஸய்யிதுல் இஸ்திஃக்ஃபாரை உறுதியான நம்பிக்கையுடன் பகலில் ஓதி, மாலைக்குள் இறந்துவிடுபவர் சொர்க்கவாசி என்றும், இரவில் ஓதி விடிவதற்குள் இறப்பவரும் அவ்வாறே என்றும் ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் (6306) உள்ளது. நான் அறிந்த ஒருவர் இதைக் காலையும் மாலையும் தவறாமல் ஓதி வருகிறார். ஆனால் தந்தையின் சொத்தில் தங்கைக்குச் சேர வேண்டிய பாகத்தைக் கொடுக்காமல், முழுவதையும் தம் பெயரிலேயே வைத்திருக்கிறார். கேட்டால் இந்த ஹதீஸையே எடுத்துக் காட்டுகிறார். அவர் வாதம் செல்லுமா?

கீழ்வானம்:
வ அலைக்குமுஸ் ஸலாம். செல்லாது. பாவத்தை விட்டு விலகுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் அதன் பக்கம் திரும்புவதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றையும் தவ்பாவின் (பாவமீட்சியின்) நிபந்தனைகளாகக் கூறும் இமாம் நவவி (ரஹ்), பாவம் இன்னொரு மனிதரின் உரிமை தொடர்பானதாக இருந்தால் அந்த உரிமையை உரியவரிடம் சேர்ப்பதை நான்காவது நிபந்தனையாகச் சேர்க்கிறார். இறைவழியில் உயிர் துறந்த ஷஹீதுக்கே கடனைத் தவிர மற்ற அனைத்தும் மன்னிக்கப்படும் என்று முஸ்லிம் தொகுப்பில் ஹதீஸ் இருக்கும்போது, வீட்டில் அமர்ந்து துஆ ஓதுபவருக்கு மட்டும் தங்கையின் பாகம் எப்படித் தள்ளுபடியாகும்?

அடியான்:
சகோதரர் கீழ்வானம் அவர்களே, பாகத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஹதீஸ் உறுதியான நம்பிக்கையைத்தான் நிபந்தனையாக வைக்கிறது; நாமாக நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போனால், பாவத்தில் மூழ்கிக் கிடப்பவர் "எனக்கு இந்த துஆ எதற்கு?" என்று அதையும் கைவிட்டுவிடுவார். "அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள்" என்று குர்ஆன் (39:53) அழைப்பது வரம்பு மீறியவர்களைத்தான். தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்று, உனக்கு மன்னிப்பே இல்லை என்று சொன்ன துறவியையும் கொன்று நூறாக்கியவனின் வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அந்த நூறு பேரின் உரிமைகளை அவன் யாரிடம் போய்த் தீர்த்தான்? அவனையும் அருளின் வானவர்கள்தானே கைப்பற்றினார்கள்? மன்னிப்புக்கு வழியில்லை என்று சொன்ன அந்தத் துறவியின் இடத்தில் நாம் போய் நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் அச்சம்.

கீழ்வானம்:
நல்ல சான்றைக் கொண்டுவந்தீர்கள். ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அறிஞர் ஒருவர் சொல்லைக் கேட்டு, தான் பாவம் செய்த ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊரை நோக்கி அவன் புறப்பட்டான். வழியில் மரணம் வந்தபோது வானவர்கள் இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தார்கள். நல்ல ஊருக்கு ஒரு சாண் நெருக்கமாக இருந்தான். நூறு பேரும் இறந்துவிட்ட பிறகு அவனால் இயன்றது அந்தப் பயணம் ஒன்றுதான். இங்கோ தங்கை உயிரோடு இருக்கிறார், சொத்தும் கையில் இருக்கிறது, இவர் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை.

துஆவின் வாசகங்களையே பாருங்கள். "நீயே என் இறைவன், நீயே என்னைப் படைத்தாய், நான் உன் அடிமை" என்று தொடங்கி, "உனக்களித்த உறுதிமொழியிலும் வாக்குறுதியிலும் இயன்ற வரை நிலைத்திருக்கிறேன்" என்று அடியான் சொல்கிறான். பிறகு தான் செய்தவற்றின் தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடி, இறைவன் தந்த அருட்கொடைகளையும் தன் பாவத்தையும் ஒருசேர ஒப்புக்கொண்டு, அதன் பின்னரே மன்னிப்பைக் கேட்கிறான். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு "இயன்ற வரை" என்று எப்படிச் சொல்ல முடியும்? வாரிசுப் பங்கீட்டு வசனங்களை அடுத்து, இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்றும் இவற்றை மீறுபவருக்கு நரகம் என்றும் (4:13-14) குர்ஆன் எச்சரிப்பதை அவர் ஓதியதே இல்லையா?

அடியான்:
அந்த விளக்கத்தை ஏற்கிறேன். மன்னிப்புக் கேட்பவர்கள் தாம் செய்ததில் தெரிந்துகொண்டே பிடிவாதமாக நிலைத்திருக்க மாட்டார்கள் என்று குர்ஆனும் (3:135) சொல்கிறது. எனினும் அவரிடம் "உன் துஆ பயனற்றது" என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஓதிக்கொண்டிருக்கும் நாவு என்றாவது உள்ளத்தை உறுத்தக்கூடும். நாவையும் நிறுத்திவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். ஓதுவதை நிறுத்தச் சொல்லாமல், கொடுக்கச் சொல்லுங்கள்.

வினவுபவன்:
இருவருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன். இன்னொன்று. தங்கை ஒருநாளும் கேட்டதில்லை, ஆகவே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றும் அவர் சொல்கிறார்.

அபூ ஸாலிஹ்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேட்காததை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது. அண்ணனோடு உறவு முறிந்துவிடுமோ என்று அஞ்சி வாய்மூடி இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். மஹர் (மணக்கொடை) விஷயத்திலேயே, மனைவியர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் கணவன் அதை உண்ணலாம் என்று குர்ஆன் (4:4) கூறுகிறது. சொத்தின் கணக்கை விவரமாகச் சொல்லி, தங்கையின் பாகத்தைத் தங்கையின் பெயருக்கு மாற்றிக் கையில் கொடுக்கட்டும். அதன் பிறகு எவ்வித நெருக்கடியும் இல்லாமல் தங்கையாகவே திருப்பித் தந்தால் அது அன்பளிப்பு. தராவிட்டால் அது என்றுமே தங்கையுடையதுதான். அன்று மாலை அண்ணன் இந்த துஆவை ஓதட்டும்.