ஒரு மாத லீவு, ஒரு முதுகுப் பை, இலங்கைக் கடவுச்சீட்டு: எந்த நாடு?

வெள்ளவத்தை_27:
ஒக்டோபர் 15 தொடக்கம் நவம்பர் 14 வரை லீவு. தனியாகப் போகப் போகிறேன். பெண், வயது 27, கடவுச்சீட்டில் இதுவரை ஒரு முத்திரையும் இல்லை. விமான ரிக்கெட் நீங்கலாக நான்கு இலட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம். முட்டை சாப்பிடுவேன், மீன் இறைச்சி இல்லை. மனதில் இருப்பவை தாய்லாந்து, வியட்நாம், நேபாளம். மூன்றையும் ஒரே மாதத்தில் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், ஒன்றே போதும் என்று இன்னொருவர். ஹொஸ்டலில் பெண்களுக்கான பொது அறை எனக்குச் சரி. எதை எடுக்கலாம், ஏன் என்று சொல்லுங்கோ.

கட்டுநாயக்க_வாசல்:
தங்கச்சி, முதலில் நாள்களை எண்ணுங்கோ. 15 முதல் 14 வரை, இரண்டு முனையும் சேர்த்து 31 நாள். இந்த ஒரு நாள் கூடுதலால்தான் சிக்கல் வரும், கீழே பாருங்கோ.

தாய்லாந்து 2024 ஜூலை 15 தொடக்கம் நம்மையும் சேர்த்து 93 நாட்டவருக்கு 60 நாள் விசா விலக்கு கொடுத்தது. அதைக் குறைக்கிற பேச்சு அடிக்கடி எழும். ஆகவே ரிக்கெட் எடுக்கிற அன்றைக்கே தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் பாருங்கோ. 30 ஆகக் குறைந்திருந்தால் உங்கள் திட்டத்தில் ஒரு நாள் வெளியே நிற்கும். நேபாளம் சார்க் (நம்மையும் சேர்த்த தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசாவை இலவசமாக, இறங்கிய இடத்திலேயே தருகிறது. அங்கேயும் அதே 31 ஆம் நாள் தொல்லை. எந்த நாடானாலும் 28 நாளில் திரும்புகிற மாதிரி ரிக்கெட் போடுங்கோ. வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்க்கவும் நேரம் வேண்டும்.

வியட்நாமுக்கு இ-விசா. 2023 ஓகஸ்ட் 15 தொடக்கம் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை. ஒருமுறை நுழைய 25 டொலர், பலமுறைக்கு 50. மூன்று வேலைநாள் என்று போட்டிருப்பார்கள், மூன்று வாரம் முன்பே அனுப்புங்கோ. தமிழ்ப் பெயர்களுக்கு இங்கேதான் அடி விழும். நம் கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ, அடியிலுள்ள இயந்திரம் வாசிக்கும் வரியைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் அப்படியே நிரப்புங்கோ. நீளமான பெயரைச் சுருக்கி முதலெழுத்துப் போட்டால் கட்டுநாயக்கவில் செக்-இன் மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள். கட்டிய காசு திரும்பி வராது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். எந்த விமான நிலையத்தால் நுழைகிறீர்கள் என்பதையும் விண்ணப்பத்தில் சரியாகத் தெரிவு செய்யுங்கோ. தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அரசின் தளம் 'கவ் டாட் விஎன்' என்று முடியும்.

இனிப் பலர் மாட்டுகிற பொறி. கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மலிவு ரிக்கெட், அங்கிருந்து ஹனோய்க்கு வேறொரு ரிக்கெட் என்று தனித்தனியாக எடுப்பது. தனி ரிக்கெட் என்றால் பையை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு மலேசியாவுக்குள் நுழைய வேண்டும், நுழைய நமக்கு விசா வேண்டும். இந்தியனுக்கும் சீனனுக்கும் அங்கே விலக்கு இருக்கிறது, அவர்கள் எழுதியதை வாசித்து நம்பாதேயுங்கோ. டெல்லி வழியாகக் காத்மண்டு போகும்போதும் இதே கதை, இந்திய விசா கேட்கும். ஒரே பதிவு எண்ணில், பை கடைசி ஊர் வரை போகிற ரிக்கெட்டாக எடுங்கோ. தனித்தனியாகத்தான் எடுப்பேன் என்றால் சிங்கப்பூர் அல்லது பாங்கொக்கில் மாறுங்கோ. சிங்கப்பூரில் நமக்கு 30 நாள் விசா இல்லாமல் நுழையலாம், வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும்.

ஹப்புத்தளை_மேகம்:
விசாவை விட மாதம் முக்கியம்ங்க. ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரைக்கும் நேபாளத்துக்கு ஆண்டிலேயே நல்ல காலம். மழை முடிஞ்சு தூசி கழுவி வானம் திறந்திருக்கும். அதே நாள்கள்ல வியட்நாமின் நடுப்பகுதி, ஹுவே, தனாங், ஹோய் ஆன் எல்லாம் வெள்ளக் காலம். வடக்கு தெற்கா முழு நாட்டையும் ரயில்ல பார்க்கிற கனவு இருந்தா அதை மார்ச்சுக்கு வைங்க. ஹனோய் சைகோன் பாதை 1,726 கிலோமீட்டர், நடுவுல தண்டவாளம் தண்ணிக்குள்ள போனா ரெண்டு பக்கமும் அல்லாட வேண்டியதுதான்.

என் வாக்கு நேபாளத்துக்கு. தனியா முதல் தடவை மலையேறுறதுக்கு அன்னபூர்ணா அடிவார முகாம் பாதை சரியா இருக்கும், 4,130 மீட்டர். காத்மண்டுவிலிருந்து பொக்கராவுக்கு 200 கிலோமீட்டர்தான், ஆனா பஸ் 8 மணித்தியாலம் எடுக்கும், வீதி வேலை நடந்தா இன்னும் கூட. பொக்கராவில அன்னபூர்ணா பாதுகாப்புப் பிரதேச அனுமதி எடுக்கணும். சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மத்தவங்களுக்கு 3,000. கடவுச்சீட்டைக் காட்டி சார்க் விலை கேளுங்க, கேட்காட்டி வெளிநாட்டார் விலையைப் போட்டுடுவாங்க. கடவுச்சீட்டு அளவுப் படம் நாலு கொண்டு போங்க.

2023 ஏப்ரல் 1 தொடக்கம் வெளிநாட்டவர் உரிமம் உள்ள வழிகாட்டியோட போகணும்னு விதி இருக்கு. சில பாதைகள்ல பார்க்கிறாங்க, சில இடத்துல பார்க்கிறதில்ல. பார்க்க மாட்டாங்கன்னு நம்பிப் போகாதீங்க, நாளுக்கு 25 முதல் 35 டொலர்னு கணக்கில வச்சுடுங்க. பொக்கராவில வேற ரெண்டு மூணு பேரோட சேர்ந்தா பங்கு போடலாம், பெண் வழிகாட்டி வேணும்னாலும் கிடைக்கும்.

கொழும்பு ஆட்கள் தவறு விடுறது ஏத்தத்துல. கடல்மட்டத்திலிருந்து வர்ற உடம்பு அது. 3,000 மீட்டருக்கு மேல ஒவ்வொரு இரவும் முந்தின இரவை விட 500 மீட்டருக்கு மேல உயரத்துல தூங்கக்கூடாது. அந்தப் பாதையில தெவுராலி சுமார் 3,200. அங்கிருந்து ஒரே நாள்ல முகாமுக்குப் போனா 900 மீட்டர் ஏறிடுவீங்க. நடக்க முடியும்கிறதால போயிடுறாங்க, ராத்திரி தலையிடியும் வாந்தியும் தொடங்கும். நடுவுல மச்சபுச்சரே முகாம் 3,700ல இருக்கு. அங்க ஒரு இரவு தூங்கி, மறுநாள் காலையில மேல போங்க. தலையிடியோட உயர ஏறாதீங்க, தள்ளாட்டமோ படுத்தாலும் மூச்சு வாங்குறதோ வந்தா இருட்டா இருந்தாலும் இறங்கணும். உயர நோயைத் தடுக்கிற அசற்றசோலமைட் மாத்திரை வேணும்னா இங்கேயே மருத்துவரைக் கேட்டு வாங்கிட்டுப் போங்க. சல்பா வகை மருந்துக்கு ஒவ்வாமை இருந்தா அவர்கிட்ட சொல்ல மறக்காதீங்க.

குளிர் உடுப்பு ஒண்ணும் கொழும்பில வாங்காதீங்க. இறகு ஜெக்கெட்டும் தூக்கப் பையும் காத்மண்டுவின் தமேல்லயோ பொக்கரா ஏரிக்கரையிலயோ நாள் வாடகைக்குக் கிடைக்கும். காலணி மட்டும் இங்கேயே வாங்கி, போறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் போட்டுப் பழக்குங்க. புதுச் சப்பாத்து முதல் நாளே குதிக்காலைக் கிழிக்கும்.

இன்னொண்ணு: அங்க தசாயின் பண்டிகை நம்ம நவராத்திரி நாள்கள்லதான் வரும். விஜயதசமியை ஒட்டி காத்மண்டு காலியாகும், பஸ் எல்லாம் நிரம்பும், அனுமதி அலுவலகம் சில நாள் பூட்டு. உங்க வருசப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அதுக்கு முன்னாடியே அனுமதியை எடுத்துடுங்க.

கொட்டாஞ்சேனை_கணக்கு:
நேபாளம் நல்லதுதான், ஆனால் ஒரு மாதம் முழுவதும் மலையேற முடியாது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முழங்கால் பேசத் தொடங்கும். முதல் பயணத்துக்கு நான் தாய்லாந்தைத்தான் சொல்வேன். ரயிலும் பஸ்ஸும் நேரத்துக்கு வரும், ஹொஸ்டல் பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று.

கணக்கு: நான்கு இலட்சம், டொலர் 300க்குக் கொஞ்சம் மேல் என்று பிடித்தால் 31 நாளுக்கு நாளொன்றுக்கு 40 டொலர் சொச்சம். தாய்லாந்துக் காசான பாட் கணக்கில் 1,300 அளவு. பொது அறைக் கட்டில் 300 முதல் 500, தெருச் சாப்பாடு ஒரு தட்டு 50 முதல் 80. மிச்சத்தில் ரயிலும் நுழைவுச் சீட்டும் அடங்கும். தீவுகளில் இந்தக் கணக்கு உடையும், அதனால் தீவு ஐந்தாறு நாளுக்கு மேல் வேண்டாம்.

எந்தக் கடல் என்பதையும் பாருங்கோ. அவர்களுக்கும் நம்மைப் போலவே இரண்டு மழை. மேற்குக் கரையின் கிராபி, லந்தா பக்கம் நம் ஹிக்கடுவை மாதிரி தென்மேற்குப் பருவமழையில் நனையும், ஒக்டோபர் முடிய வெளிக்கும். கிழக்கே சமூய் தீவுப் பக்கம் திருகோணமலை மாதிரி, நவம்பரில்தான் கொட்டும். ஆகவே முதலில் வடக்கு, கடைசி வாரம் கிராபி. இதைத் திருப்பிப் போட்டால் கிராபியில் மழைதான்.

பாங்கொக் மூன்று இரவு, பிறகு இரவு ரயிலில் சியாங் மாய். நீண்டதூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து பழைய ஹுவலம்போங்கில் அல்ல, பாங் சூவிலுள்ள கிருங் தெப் அபிவத் நிலையத்தில் புறப்படும். பழைய பயணக் குறிப்பை நம்பிப் போனால் ரயிலை விடுவீர்கள். கீழ்ப் படுக்கை அகலம், விலையும் கொஞ்சம் கூட. சில ரயில்களில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி உண்டு, முன்கூட்டியே பதிந்தால் கிடைக்கும். சியாங் மாயிலிருந்து பாய் ஊருக்கு வேன் மூன்று மணித்தியாலம், 762 வளைவு. வயிறு பலவீனம் என்றால் முன் இருக்கை கேளுங்கோ. திரும்பும் வழியில் சுகோதாய் இரண்டு நாள். நம் நாட்டுத் தேரவாதம் அங்கே போய் வேர்விட்ட அடையாளத்தைக் கல்லிலேயே பார்க்கலாம்.

காசு கொண்டு போகும் முறை: வங்கியிலோ மத்திய வங்கி அனுமதித்த நாணய மாற்றுக் கடையிலோ கடவுச்சீட்டும் ரிக்கெட்டும் காட்டி டொலர் வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கோ. 100 டொலர்த் தாள், மடிப்பும் பேனைக் கீறலும் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கோ. 20 டொலர்த் தாளுக்கு அங்கே குறைந்த வீதம். சுவர்ணபூமி விமான நிலையத்தில் பயணப்பை எடுக்கும் தளத்துக் கடைகளை விட, அடித்தளத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ளவை நல்ல வீதம் தரும். ஏடிஎம் ஒரு தடவைக்கு 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும், ஆகவே சிறிது சிறிதாக எடுக்காதேயுங்கோ. ரூபாயாக மாற்றிக் கழிக்கவா என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்தி, பாட்டிலேயே கழிக்க விடுங்கோ. அந்த மாற்று வீதம் உங்களுக்கு நட்டம்.

புறப்பட முன் வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து, கைத்தொலைபேசி இணைப்பில் ரோமிங்கையும் போடுங்கோ. வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு உங்கள் இலங்கை எண்ணுக்குத்தான் வரும். அது வராவிட்டால் அட்டை இருந்தும் ஒரு ரயில் சீட்டுக்கூட வாங்க முடியாது. அங்கே போன பிறகு ரோமிங் போடுவது பெரும்பாடு.

வெள்ளவத்தை_27:
நன்றி, மூவருக்கும். இரண்டு கேள்வி. பாய் ஊரில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? என்னிடம் கார் லைசன்ஸ் மட்டும் இருக்கு. மற்றது, கட்டுநாயக்கவில் தனியாகப் போகும் பெண்களை மறிக்கிறார்கள் என்று அம்மா பயப்படுகிறா. உண்மையா?

கட்டுநாயக்க_வாசல்:
ஸ்கூட்டர் வேண்டாம். கடைக்காரன் லைசன்ஸைப் பார்க்காமலே தருவான், அதில்தான் ஏமாறுகிறார்கள். விழுந்தால் காப்புறுதிக் கம்பனி கேட்கும் முதல் கேள்வி மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்கிறதா என்பது. இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் உங்கள் தலையில். சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்தாலும் இங்கே இல்லாத வகுப்பை அது புதிதாகத் தராது. கடவுச்சீட்டைப் பிணையாக வைக்கச் சொல்லும் கடை எதுவானாலும் வெளியே வாங்கோ.

அம்மா பயப்படுவதில் பாதி உண்மை. தாய்லாந்தின் மே சொட் வழியாக மியன்மாரின் மியாவடி இணைய மோசடி முகாம்களுக்கு நம் இளைஞர்களைக் கடத்தியதால், தனியாகப் போகிறவர்களை ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் கேள்வி கேட்பார்கள். கேட்டால் காட்டுவதற்கு இவற்றைத் தாளில் அச்சடித்து வைத்திருங்கோ: திரும்பும் ரிக்கெட், முதல் நான்கு இரவுக்குப் பதிவு, வேலைத்தளத்தின் லீவுக் கடிதம், வங்கிக் கூற்று. தாய்லாந்துக் குடிவரவு 20,000 பாட்டுக்குச் சமமான காசைக் காட்டச் சொல்லவும் கூடும். அவர்களின் டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்புங்கோ. அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி.

சாம்பார்_வாளி:
சாப்பாட்டை ஒருவரும் சொல்லவில்லையே. தாய்லாந்தில் மரக்கறி என்று கேட்டால் மீன் சோஸும் சிப்பிச் சோஸும் ஊற்றித் தருவார்கள், அதை அவர்கள் மீனாகவே கணக்கெடுப்பதில்லை. 'ஜே' என்று சொல்லுங்கோ, மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை. அதில் முட்டை, வெங்காயம், உள்ளி ஒன்றும் இராது. 'மங்சவிரத்' என்றால் முட்டை வரும். சீனச் சந்திரக் கணக்கின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாளும் ஜே திருவிழா, பெரும்பாலும் ஒக்டோபரில் விழும். நீங்கள் இறங்கும்போது அது நடந்தால் தெருவெல்லாம் மஞ்சள் கொடிதான். நேபாளத்தில் இந்தக் கவலையே இல்லை, பருப்பும் சோறும் இரண்டாம் முறை சும்மா போடுவார்கள்.

வெள்ளவத்தை_27:
அப்படியானால் தாய்லாந்து, 28 நாள், வடக்கிலிருந்து தெற்கு. நேபாளத்தை இரண்டு வார லீவு கிடைக்கும்போது தனியாக வைத்துக்கொள்கிறேன். சியாங் மாயிலிருந்து கிராபிக்குப் பறப்பதா, ரயிலா?

கொட்டாஞ்சேனை_கணக்கு:
பறங்கோ. தரைவழி என்றால் பாங்கொக்கில் மாறி இரண்டு இரவு போய்விடும். நேரடி விமானமாகப் பாருங்கோ. மாறித்தான் போக வேண்டும் என்றால் பாங்கொக்கில் இரண்டு விமான நிலையம் உண்டு, மலிவு விமானம் அநேகமாக டொன் முவாங்குக்கு வரும். அடுத்தது சுவர்ணபூமியிலிருந்து என்றால் நடுவில் ஐந்து மணித்தியாலம் விடுங்கோ. பை 7 கிலோவுக்கு மேல் போனால் வாயிலில் நிறுத்துக் காசு கேட்பார்கள், வீட்டிலேயே தராசில் வைத்துப் பாருங்கோ.