மறு: ‘க்ரூஸிங்’ என்பதற்கு என்ன சொல்? – ‘பாய்மர உலா’ என் பரிந்துரை

அன்புள்ள குழும நண்பர்களே,

பாய்மரப் படகை நாமே ஓட்டிக்கொண்டு, தீவு தீவாக நின்று தங்கி, வாரக்கணக்கில் போவதுதான் ‘க்ரூஸிங்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘பாய்மரச் சுற்றுலா’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சுற்றுலா என்றால் யாரோ வண்டி ஓட்டுவார், நாம் சன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். க்ரூஸிங்கில் நம்மைக் கூட்டிக்கொண்டு போக ஆள் கிடையாது. பாயை ஏற்றுவது, பாயின் கயிறான தாமானை இழுப்பது, சுக்கான் பிடிப்பது, சமைப்பது, நங்கூரம் போடுவது எல்லாமே வந்த குடும்பமும் நண்பர்களும்தான். அந்தப் பங்கு சொல்லில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதை மறுக்கிற சொல்லாக இருக்கக் கூடாது.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பது கண்முன் இருந்தால் பேச எளிது. கரீபியனில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு குடும்பமாகப் போன இடம். டோர்ட்டோலா ஒரு பக்கம், நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர் என்று சின்னச் சின்னத் தீவுகள் எதிர்ப்பக்கம், நடுவில் சர் ஃபிரான்சிஸ் டிரேக் கால்வாய். எங்கிருந்து பார்த்தாலும் அடுத்த தீவு தெரியும். குளிர்கால மாதங்களில் கிழக்குக் காற்று 15 முதல் 20 நாட் (மணிக்குக் கடல்மைல்) வரை விடாமல் வீசும். டோர்ட்டோலாவிலிருந்து நார்மன் தீவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அப்புறம்? மீதி நாள் முழுக்கப் படகு நிற்கிறது. பிள்ளைகள் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பாறைக் குகைகளுக்குள் நீந்துகிறார்கள். சால்ட் தீவருகே 1867 அக்டோபர் புயலில் மூழ்கிய ‘ரோன்’ என்ற நீராவிக் கப்பல் கிடக்கிறது. அதன் பின்பகுதி ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதால் மேலே மிதந்தபடியே பார்க்கலாம். வர்ஜின் கோர்டா தீவின் ‘பாத்ஸ்’ கரையில் வீடு வீடாக அடுக்கியது போன்ற கருங்கற்பாறைகள். படகிலிருந்து கரைக்குப் போக வைத்திருக்கும் சிறு படகான டிங்கியைக் கரைவரை ஓட்டக் கூடாது. தள்ளிப் போட்டிருக்கும் கயிற்றில் கட்டிவிட்டு நீந்தித்தான் போக வேண்டும். பெரியவர்களுக்கு மலையேற ஆசை வந்தால் டோர்ட்டோலாவில் சேஜ் மலை, 523 மீட்டர்.

ஆக, க்ரூஸிங்கில் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். ‘பயணம்’, ‘செலவு’ (போதல் என்ற பழைய பொருளில்), ‘ஓட்டம்’ என்று வந்த பரிந்துரைகள் எல்லாம் ஓடுவதை மட்டும் பிடிக்கின்றன. ‘உலா’ அப்படியில்லை. சாமி உலா புறப்பட்டால் ஒவ்வொரு மண்டகப்படியிலும் நின்று, தீபாராதனை வாங்கி, இளைப்பாறித்தான் நகரும். நிற்பதும் உலாவில் சேர்த்தி. வீட்டார், ஊரார் கூடவே வருவதும் சேர்த்தி. எனக்கு இதைவிடப் பொருத்தமான வேர் தெரியவில்லை.

> எங்கட பக்கம் ‘ஓட்டம்’ எண்டுதான் சொல்லுவம். வல்வெட்டித்துறை அன்னபூரணிப் பாய்க்கப்பல் அமெரிக்கா மட்டும் ஓடி 1938இல் போய்ச் சேர்ந்தது, உலாப் போனதில்லை.

அண்ணை சொல்வது முழுக்கச் சரி. அன்னபூரணி மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம்வரை போனது ஓட்டம்தான். அதை உலா என்று எழுதினால் அந்த மாலுமிகளுக்கே மரியாதையில்லை. இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகான ஐ.என்.எஸ்.வி. தாரிணியில் தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ஏறக்குறைய எட்டு மாதத்தில் நான்கே துறைமுகங்களில் நின்றார்கள். அதுவும் பெருங்கடல் ஓட்டம். எனவே இரண்டு சொல்லும் வேண்டும் என்கிறேன். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் பாய் விரித்துப் போகும் ஒவ்வொரு கட்டமும் ‘பாயோட்டம்’. பாயோட்டமும் தங்கலுமாக வாரக்கணக்கில் போகிற முழுச் செயலும் ‘பாய்மர உலா’.

‘பாயுலா’ என்று சுருக்கச் சொன்ன நண்பருக்கு: சொல் சின்னதாக இருப்பது நல்லதுதான், ஆனால் ‘பாயும் உலா’ என்று காதில் விழுகிறது. ‘கடலுலா’ அழகு, ஆனால் நீச்சல்குளமும் திரையரங்கும் உள்ள அடுக்குமாடிக் கப்பல்களும் அதற்குள் வந்துவிடும். அவற்றுக்குக் ‘கப்பலுலா’வை ஒதுக்கிவிடலாம்.

இப்படி உலாப் போகிறவரை ‘உலாவி’ என்றால், அது பிரவுசருக்கு வைத்த பெயர் என்று கணினித் தமிழ் சண்டைக்கு வரும். நல்ல பழைய சொல் ‘கடலோடி’ இருக்கவே இருக்கிறது. டிங்கியை மாற்றவே வேண்டாம். அது இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘கேட்டமரான்’தான் சிக்கல். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல் என்பதற்காக கரீபியனில் வாடகைக்கு விடும் இரட்டை உடல் படகைக் கட்டுமரம் என்று எழுதினால், கட்டைகளைச் சேர்த்துக் கட்டி அலை தாண்டுகிற உண்மையான கட்டுமரத்துக்குப் பெயர் இல்லாமல் போகும். ‘இரட்டையுடல் படகு’ என்றே இருக்கட்டும்.

இன்னொரு சொல்லும் வேண்டும். எனக்கு இதுதான் அவசரம், ஏனென்றால் இது பாதுகாப்பு விஷயம். நங்கூரம் போடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் படகின் முன்பகுதியான அணியத்தில் நின்று தண்ணீருக்குள் வெளிர்மணல் தெரியும் இடத்தைக் கையால் காட்டுகிறார். பவளத்தின் மேலோ கடற்புல்லின் மேலோ போடக் கூடாது. சுக்கானில் இருப்பவர் காற்றை எதிர்த்து மெதுவாக வந்து படகை நிறுத்துகிறார். நங்கூரம் தரை தொட்டதும் படகு பின்னால் நகர நகரச் சங்கிலியை விடுகிறார்கள். எவ்வளவு? ஆழம் 5 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர், மொத்தம் 6. அதில் ஐந்து மடங்கு, 30 மீட்டராவது விட வேண்டும். காற்று வலுத்தால் ஏழு மடங்கு. அப்போதுதான் சங்கிலி தரையோடு படிந்து, இழுப்பு பக்கவாட்டில் போய், நங்கூரம் மணலில் புதையும். குறைத்து விட்டால் இழுப்பு மேல்நோக்கி வந்து பெயர்த்துவிடும். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். கரையில் ஒரு தென்னையும் ஒரு கூரையும் ஒரே கோட்டில் இருக்கிறதா, விலகுகிறதா என்று கவனிப்பார்கள். கடைசியில் யாராவது குதித்து, நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வருவார். பிள்ளைகள் இதற்குப் போட்டி போடுவார்கள்.

அந்த ‘ஐந்து மடங்கு, ஏழு மடங்கு’ என்கிற விகிதத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கோப்’ என்று ஒரே சொல். இரவில் நடுத்தூக்கத்தில் ஒருவரை எழுப்பிச் சொல்லவும் ஏற்றதாகத் தமிழிலும் சின்னச் சொல் வேண்டும். ‘சங்கிலி மடங்கு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். ‘நீள விகிதம்’ வேண்டாம். கணக்குப் புத்தக வாடை.

தூத்துக்குடி, நாகப்பட்டினம், மன்னார்ப் பக்கம் உறவுகள் உள்ளவர்கள், வள்ளத்தில் போகிறவர்கள் நங்கூரக் கயிறு எவ்வளவு விட வேண்டும் என்பதை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். புழக்கத்தில் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை அடித்துவிட்டு அதையே பட்டியலில் ஏற்றுவோம்.