மாடிஃபை செய்த டர்போ காரை ஆன்லைனில் விற்ற அனுபவம் உண்டா?

போலோ_கோவை

நான் விற்றது 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஸ்டேஜ் 2, அதாவது பார்ட்ஸும் எஞ்சின் சாஃப்ட்வேரும் மாற்றிப் பவர் கூட்டிய வண்டி. டவுன்பைப் (டர்போவுக்குப் பின் வரும் புகைக்குழாய்), இன்டேக் (காற்று உள்ளே போகும் குழாய்), பெரிய இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), 97 ஆக்டேன் பெட்ரோலுக்குப் போட்ட மேப் (எஞ்சின் சாஃப்ட்வேர்). கம்பெனி கொடுத்தது 105 பி.எஸ்., பவர் அளக்கும் டைனோவில் 140-ஐத் தாண்டியது. விளம்பரம் போட்டதும் "லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க" கூட்டம் வந்து போனது. அதை விடுங்கள்.

கோபியிலிருந்து ஒரு பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். பையனுக்கு இருபத்தொன்று இருக்கும். அவனிடம் எதையும் மறைக்கவில்லை. சாதா பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் நாக் அடிக்கும் (பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்துத் தட்டும்), ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு மேல் தாங்குகிற பெட்டி இல்லை, ஆயில் சூடாகும் முன் மிதிக்காதே, பிரேக் கம்பெனி பிரேக்தான் என்று எல்லாம் சொன்னேன். "தெரியும்ணா, தெரியும்ணா" என்று தலையாட்டினான்.

அப்பா சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி காரைச் சுற்றி வந்தார். டயர் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். பின்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அலாய் இடைவெளியில் விரலை நீட்டி, "முன்னாடி தட்டு இருக்குது, பின்னாடி இல்லீங்களே தம்பி?" என்றார்.

"கம்பெனியிலேயே டிரம்தாங்க."

"ஒத்தப் பையன். பயமில்லீங்களே?"

"நல்ல வண்டிங்க" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் 105-க்கு வைத்த பிரேக்கை வைத்துக்கொண்டு 140-ஐ ஓட்டுகிறோம் என்று அவரிடம் சொல்லவில்லை. பணம் கொடுத்தவர் அவர். நாலு மாதம் ஆகிறது. என் இப்போதைய வண்டியைக் கழுவும்போதெல்லாம் சக்கரத்துக்குள் அந்த விரல் நீண்டதுதான் ஞாபகம் வருகிறது.

ஆர்எஸ்_230

என்னுடையது ஆக்டேவியா ஆர்எஸ் 230. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் இல்லாத டவுன்பைப் போட்டிருந்தேன். அதனால் பி0420 என்ற எரர் கோடு வந்துகொண்டே இருக்கும். பெங்களூருவிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார் என்றதும் காலையில் ஸ்கேனரைப் போட்டு அழித்துவிட்டேன். செக் எஞ்சின் விளக்கு அணைந்தது.

வந்தவர் ஐம்பது வயதுக்காரர், அமைதியானவர். வெளியே எதையும் தொடவில்லை. நேராக ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு, கோடு படிக்கிற டாங்கிளைச் செருகி, போனைப் பார்த்தார். "மானிட்டர் ஒண்ணும் ரெடி ஆகலையே சார். கோடு இன்னிக்கு அழிச்சீங்களா?" எரர் கோடை அழித்தால், வண்டி தன்னைத்தானே சோதித்து வைத்த மானிட்டர் பதிவுகளும் சேர்ந்து அழியும், மறுபடி தயாராகச் சில நாள் ஓட்ட வேண்டும். எனக்கும் அது தெரியும்தான். அவர் பார்ப்பார் என்று நினைக்கவில்லை. காரணத்தைச் சொன்னேன். "மொதல்ல சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன்" என்று டாங்கிளைப் பிடுங்கிக்கொண்டார். என் மனைவி டீ கொண்டுவந்து நின்றார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அடுத்த நபருக்கு விற்றபோது செக் எஞ்சின் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, நானே காட்டினேன்.

சேலம்_எம்டி

போலோ நண்பரே, உங்கள் மனசு புரிகிறது, ஆனால் இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. நான் விற்ற வண்டியின் பதிவில் இருந்த என் பெயரை வாங்கியவன் மாற்றவே இல்லை. ஒரு நாள் அதிவேக இ-சலான் என் போனுக்கு வந்தது, படத்தில் என் பழைய ஸ்பாய்லர் தெரிந்தது. என் கதை அவ்வளவுதான். இனி விற்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் பதினாலு நாளுக்குள் ஆர்டிஓவுக்கு நாம்தான் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் படிவம் 28 போட்டுத் தடையில்லாச் சான்று வாங்குங்கள். வண்டிக் கடன் இருந்திருந்தால் அதைப் பதிவிலிருந்து நீக்கப் படிவம் 35. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாங்கியவனின் ஆதார் நகல், தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி சீட்டு, சாவி கொடுக்கும்போது ஒரு போட்டோ, மூன்றும் கட்டாயம். மாடிஃபிகேஷனைச் சொல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ்காரன் கிளெய்மை மறுக்கலாம், வாங்குகிறவருக்கு அதையும் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, உச்ச நீதிமன்றத்தின் 2019 ஜனவரித் தீர்ப்பும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. ஆகவே விற்கும் முன் ஸ்டாக் (கம்பெனி கொடுத்தபடி) ஆக்குங்கள். மேப்பையும் திருப்புங்கள். இதைச் செய்திருந்தால் போலோ நண்பருக்கு இந்த உறுத்தலே வந்திருக்காது.

மதுக்கரை_டியூன்

சேலம் சார், பேப்பர் விஷயம் எல்லாம் சரி. "ஸ்டாக் ஆக்கு" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, அது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பையன் தேடி வந்ததே ஸ்டேஜ் 2 வண்டியை. ஸ்டாக்காகக் கொடுத்தால் அடுத்த வாரமே ஏதாவது மலிவு மேப் ஃபைலை ஏற்றிக்கொண்டு ஓட்டுவான், அது இன்னும் ஆபத்து. நான் என் வண்டியைக் கொடுத்தபோது முன்பக்கத்துக்குப் பெரிய டிஸ்க்கும் நல்ல பேடும் போட்டு, பிரேக் ஆயில் மாற்றி, செலவை விலையில் கழித்துக்கொண்டேன். வாங்கியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆளில்லாத ரோட்டில் 100-இலிருந்து அழுத்தி நிறுத்திக் காட்டினேன். சீட் பெல்ட் நெஞ்சில் இறுகியபோது அவர் முகம் மாறியது. எந்த தூரத்தில் நிற்கும் என்று அதற்கப்புறம் அவரே இறங்கி நடந்து எண்ணினார்.

போலோ_கோவை

எல்லாருக்கும் நன்றி. சேலம் சார், பெயர் மாற்றம் முடிந்துவிட்டது, அதில் பிரச்சினை இல்லை. மதுக்கரை சொன்னதைப் படித்த பிறகு நேற்று ராத்திரி அந்தப் பையனின் அப்பாவுக்கே போன் பண்ணினேன். பிரேக் பற்றி முழுசாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அன்னைக்கே கேட்டனேங்க தம்பி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டிஸ்க், பேட் என் செலவு என்றேன். ஒரிஜினல் டவுன்பைப் பரணில் இருக்கிறது, பழைய மேப் ஃபைலும் பென் டிரைவில் இருக்கிறது, வேண்டுமானால் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவருகிறார். பையனிடம் சர்வீஸ் என்று மட்டும் சொல்லியிருக்கிறாராம்.