சளி இருந்தா காட்டுக்குள்ள விடமாட்டாங்க அத்தை

தெற்குத்தெரு குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். பத்திரமா தான்சானியாவுல இருக்குற கிகோமா ஊருக்கு வந்து சேந்துட்டேன். நாளைக்கு தார் எஸ் சலாம் ஃப்ளைட். காட்டுல சிக்னல் இல்ல, அதான் பதில் போட முடியல.

சாந்தி அத்தை: அப்பாடா! உங்கம்மா ஃபோனை கீழ வைக்கவே இல்ல. சிம்பன்ஸி கண்ணுல பட்டுச்சா?

கவிதா: நல்லாவே பாத்தேன் அத்தை. படம் அனுப்புறேன்.

பிரபு: அக்கா, சிம்பன்ஸி ஆராய்ச்சி பண்ண ஜேன் குடால் இருந்த காடுதானே இது?

கவிதா: இல்லடா, அது கோம்பே. கிகோமாவுக்கு வடக்க, கிட்டத்துலயே இருக்கு. 1960ல அவங்க வந்து இறங்கினது அங்க. நான் போனது மஹாலே. அதே டாங்கனிக்கா ஏரிக்கரைதான், ஆனா தெற்க ரொம்ப தூரம், போட்லயே பல மணி நேரம். 1965ல ஜப்பான்ல இருந்து நிஷிடான்னு ஒருத்தர் வந்து ஆராய்ச்சி ஆரம்பிச்சாரு. கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரர். 1985ல தேசியப் பூங்கா ஆச்சு. உள்ள ரோடே கிடையாது, எல்லாம் நடைதான்.

பெரியப்பா: ஏரின்னா நம்ம வீராணம் அளவு இருக்குமாம்மா?

கவிதா: ஆழமே 1,470 மீட்டர் பெரியப்பா! எதிர்க்கரை காங்கோ நாடு. காத்து கிளம்பிட்டா கடலாட்டம் அலை அடிக்குது. கரையில இருந்து அப்படியே மலை ஏறுது, உச்சி 2,462 மீட்டர்.

சாந்தி அத்தை: குரங்குங்களுக்கு வாழப்பழம் ஏதாவது குடுத்தியா?

கவிதா: ஐயோ கூடாது அத்தை. ஆரம்பத்துல ஆராய்ச்சிக்காரங்களே கரும்பும் வாழப்பழமும் போட்டுத்தான் பழக்கினாங்க. 1987லயே அதை நிறுத்தியாச்சு. இப்ப நாமளும் மாஸ்க் போட்டுக்கிட்டு பத்து மீட்டர் தள்ளி நிக்கணும். ஒரு மணி நேரம்தான், அப்புறம் கிளம்பிடணும்.

அம்மா: மாஸ்க் எதுக்குடி, கடிக்குமா?

கவிதா: கடிக்கிறதுக்கு இல்லம்மா. நம்ம சளி அதுங்களுக்கு ஒட்டிக்கும். நமக்கு ரெண்டு நாள் மூக்கு ஒழுகிட்டுப் போறது அதுங்களுக்கு எமன். 2006ல மஹாலேல சளிக்காய்ச்சல் மாதிரி ஒண்ணு பரவி பல சிம்பன்ஸிங்க செத்துப்போச்சு. கோம்பேல 1966ல போலியோவே வந்துச்சு. அதனால இருமுறவங்கள உள்ள விடவே மாட்டாங்க. எங்களோட வந்தவர் ஒருத்தருக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, அவரே சொல்லிட்டு கேம்ப்ல தங்கிட்டாரு. அவ்வளவு காசு செலவழிச்சு வந்த மனுஷன். எனக்கு அவர் மேல பெரிய மரியாதை வந்துடுச்சு.

பெரியப்பா: நல்ல மனுஷன்.

பிரபு: என்னக்கா பண்ணுச்சுங்க? சும்மா உக்காந்திருந்துச்சா?

கவிதா: ஒரு தாய் மரத்துல உக்காந்து எறும்பு பிடிச்சுக்கிட்டு இருந்தா. மெல்லிசா ஒரு குச்சியை உடைச்சு, இலையெல்லாம் உருவிட்டு, பொந்துக்குள்ள விடுறா. கொஞ்சம் பொறுத்து மெதுவா இழுத்தா குச்சி பூரா பெரிய கருப்பு எறும்பு. உதட்டால வழிச்சுச் சாப்பிடுறா. குட்டி அவ முழங்கை பக்கத்துல தொத்திக்கிட்டு கண்ணெடுக்காம பாக்குது. கோம்பேல புத்துக்குள்ள புல்லை விட்டுக் கரையான் பிடிக்கும், இங்க மரத்து எறும்பு. அந்தந்தக் கூட்டத்துக்கு அதது பழக்கம்.

இன்னொண்ணு. ரெண்டு பேர் எதிரும் புதிருமா உக்காந்து, ஆளுக்கு ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கிக் கோத்துக்கிட்டு, மத்த கையால ஒருத்தர் அக்குள்ல ஒருத்தர் பேன் பாக்குதுங்க! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

அம்மா: தூங்குறது எங்க?

கவிதா: மரத்து மேலதான்மா. கிளையை வளைச்சு இலை பரப்பி, தினம் சாயங்காலம் புதுசா படுக்கை போட்டுக்கும்.

பிரபு: ஆகஸ்ட்ல நாங்களும் வரலாமா? சின்னவனையும் கூட்டிட்டு?

கவிதா: தாராளமா வாங்க. ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் பெரும்பாலும் மழை இல்ல, அதுங்களும் மலையடிவாரத்துக்கு வரும். ஆனா சின்னவனை சிம்பன்ஸி பாக்க விடமாட்டாங்கடா, வயசு பத்தாது. நீயும் உன் பொண்டாட்டியும் ஆளுக்கொரு நாள் மலைக்குப் போங்க, ஒருத்தர் அவனோட கரையில இருங்க.

சாந்தி அத்தை: எனக்கு முட்டிவலி. ஏற முடியுமா கவி?

கவிதா: சில நாள் பக்கத்துலயே இருக்கும், சில நாள் மணிக்கணக்கா ஏறணும் அத்தை. டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. மலேரியா மாத்திரையும் அவர்கிட்டயே கேட்டுக்கோங்க.

பெரியப்பா: பிரபு, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, தேதி பேசுவோம். கிளம்புற வாரம் யாருக்காவது சளி பிடிச்சா அவங்க மலை ஏறக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.