பூஞ்சை பிடித்த கேசட்டில் அம்மாவின் குரல்: உதவி தேவை

அம்மா பாடிய பதிவு ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. 90 நிமிட சாதாரண ஃபெரிக் (இரும்பு ஆக்சைடு பூசிய) நாடா, 1994 கிறிஸ்துமஸ் கேரல் பவனியில் பாளையங்கோட்டையில் பதிந்தது. இப்போது பூஞ்சை பிடித்துவிட்டது. சுருளின் ஓரம் முழுக்க மாவு தூவியது போல வெள்ளைப் படலம். போட்டால் கொஞ்சம் ஓடி, கிறீச்சிட்டு நின்றுவிடுகிறது. ஏ பக்கம் குரல் அமுங்கிக் கேட்கிறது. பி பக்கத்தைப் போடவே பயமாக இருக்கிறது.

பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. வேறு பிளேயரிலும் அதே கதை. பென்சிலால் சுற்றினால் நாடா ஒட்டி இழுக்கிறது. நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றலாம் என்றால் இதில் திருகாணியே இல்லை, ஒட்டிய கூடு. கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

அம்மா சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கடைசி வரை ஓடியாடி உழைத்தவர். அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) அரிசி புடைப்பதும் சரி, தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சித் தூக்கோடு போய் நிற்பதும் சரி, அவர்தான் முதல் ஆள். ஜனவரியில் முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டம். அப்பா கேட்பது இந்தக் குரலை மட்டும்தான்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைப் பக்கம் பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தருபவர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?