விமானி வேலையில் ஓய்வே கிடையாதா?

கேள்வி (கிளிநொச்சி):
தம்பி டுபாயில் துணை விமானி. ரோஸ்டர் (வேலைநேர அட்டவணை) கடைசி நேரத்தில் மாறுகிறது, விடியப்புறம் 3 மணிக்கு டூட்டி, பிறகு பகல், திரும்ப இரவு; போனில் கதைக்கும்போதே நித்திரையாகிவிடுகிறான். அம்மாவோ சம்பளத்தைப் பார் என்கிறார். சங்கம் எதுவும் இல்லையா?

பதில் (வவுனியா):
இல்லை அண்ணை, அங்கே தொழிற்சங்கத்துக்கு இடமில்லை, வேலைநிறுத்தமும் தடை.

பதில் (முல்லைத்தீவு):
அமெரிக்காவிலும் விமானிகளுக்கு ஓய்வு விதி சும்மா வரவில்லை. 2009இல் பபலோ அருகே விமானம் விழுந்து 50 பேர் செத்த பிறகுதான் விமானிகளின் களைப்பைப் பற்றிப் பேச்சு எழும்பி, 2014இல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது: டூட்டிக்கு முன் 10 மணிநேர ஓய்வு, அதில் 8 மணிநேரம் தூங்க வாய்ப்பு. சரக்கு விமானிகளை விட்டுவிட்டார்கள், அவர்களுக்கு நித்திரை வராதாக்கும்!

பதில் (மாங்குளம்):
நான் ஏ9 வீதியில் கொழும்பு இரவு பஸ் ஓட்டுகிறேன், விடியப்புறம் கண் சொக்குவது தெரியும். களைப்பு அறிக்கையை எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்திருக்கச் சொல்லுங்கோ.