லேப்டாப் கீபோர்டில் காபி கொட்டிவிட்டது, காலையில் ஆன் ஆகிறது. இனி பயமில்லையா?

கேட்டவர்:
நேற்று இரவு 11 மணிக்கு பால், சர்க்கரை போட்ட காபி அரை டம்ளர் அப்படியே கீபோர்டில் கவிழ்ந்துவிட்டது. சார்ஜர் சொருகியிருந்தது. பதற்றத்தில் முதலில் துணியைத்தான் தேடினேன், சார்ஜரைப் பிடுங்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன், துடைத்தேன், இரவு முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்தேன். காலை 7 மணிக்கு ஆன் செய்தால் ஆன் ஆகிவிட்டது. ஆனால் ‘எஸ்’ விசையைத் தொட்டால் வரிசையாக விழுந்துகொண்டே இருக்கிறது, ஸ்பேஸ் பார் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மூன்று வருட ஆய்வேடு உள்ளே இருக்கிறது, வேறு எங்கும் நகல் இல்லை. அரிசிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

போர்டு வேலை பார்ப்பவர்:
மீதியைப் படிப்பதற்கு முன் லேப்டாப்பை அணையுங்கள். ஸ்லீப் போதாது, முழு ஷட் டவுன். சார்ஜர் பக்கமே போகாதீர்கள்.

ஆன் ஆகிறது என்பதை வைத்துத் தப்பித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். காபியிலிருந்த தண்ணீர்தான் காய்ந்திருக்கிறது. அதில் கரைந்திருந்த பாலும் சர்க்கரையும் உப்புகளும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டிலேயே படிந்திருக்கும். அந்தப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்த இடத்தில் செம்பு அரிக்கத் தொடங்கும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: அணைத்த பிறகும் பேட்டரி போர்டோடு இணைந்தேதான் இருக்கிறது. பவர் பட்டனை எப்போது அழுத்துவீர்கள் என்று காத்திருக்கும் சில லைன்களில் மின்சாரம் நிற்பதே இல்லை. ஃபேனுக்கு அடியில் இருந்த அந்த எட்டு மணி நேரமும் அப்படித்தான். அதனால்தான் உலர்த்துவதைவிட பேட்டரியைப் பிரிப்பது அவசரம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

தற்செயல் சேதத்துக்குத் தனியாகக் காப்பீடு எடுத்திருந்தால் திறக்காமல் அவர்களிடம் கொடுங்கள். சாதாரண வாரண்டி பெரும்பாலும் திரவ சேதத்துக்குச் செல்லாது. இல்லையென்றால் அடிமூடியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது, ஒரு தாளில் லேப்டாப்பை வரைந்து அந்தந்த இடத்தில் வையுங்கள். பேட்டரி கனெக்டரை பிளாஸ்டிக் முனையால் மெல்ல நெம்பி எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொட வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள்.

அரிசி வேண்டவே வேண்டாம். சிப்புக்கு அடியில் இருக்கும் படிவை அதனால் எடுக்க முடியாது, மாவுத்தூள்தான் உள்ளே போகும். ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிளே 2024-ல் சொல்லியிருக்கிறது. ஹேர் டிரையரின் சூடும் கூடாது.

கேட்டவர்:
அணைத்துவிட்டேன். கடைசியாக ஒரே ஒரு தடவை ஆன் செய்து ஆய்வேட்டை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளட்டுமா? மனசு கேட்கவில்லை.

போர்டு வேலை பார்ப்பவர்:
உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனாலும் வேண்டாம். மூடியைத் திறந்ததும் எம்.2 எஸ்எஸ்டி, அதாவது கோப்புகள் சேமிக்கப்படும் பகுதி, தனியாக இருக்கிறதா பாருங்கள். பபிள்கம் பட்டை மாதிரி ஒல்லியாக, ஒரே ஸ்க்ரூவில் நிற்கும். இருந்தால் கழற்றி யூஎஸ்பி என்க்ளோஷரில் (அதை பென் டிரைவ் மாதிரி சொருக உதவும் உறை) போட்டு வேறு கணினியில் படித்துவிடலாம். எஸ்எஸ்டியில் என்விஎம்ஈ, சாட்டா என்று இரண்டு வகை உண்டு, உங்களுடையது எது என்று பார்த்து அதற்கேற்ற என்க்ளோஷர் வாங்குங்கள். விண்டோஸில் டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று போனிலேயே இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி போர்டோடு பற்றவைத்த வகையாக இருந்தால் மட்டும், சுத்தம் செய்த பிறகு ஆன் செய்து முதல் வேலையாக நகல் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொருவர்:
கொட்டிய உடனே கூடாரம் மாதிரி கவிழ்த்து வைத்திருக்க வேண்டாமா? என்னுடையது அப்படித்தான் பிழைத்தது.

போர்டு வேலை பார்ப்பவர்:
முதல் சில நிமிடங்களில் பெரும்பாலான மாடல்களுக்கு அது உதவும். ஆனால் சில திங்க்பேட் லேப்டாப்களில் கீபோர்டுக்கு அடியில் வடிகால் துளை உண்டு. அவற்றைக் கவிழ்க்கக் கூடாது என்று கையேடே சொல்கிறது. இப்போது இவருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

கேட்டவர்:
திறந்துவிட்டேன். பேட்டரி உப்பவில்லை, பிரித்துவிட்டேன். ஓரத்தில் இருந்த, ஈரம் பட்டால் நிறம் மாறும் வெள்ளை ஸ்டிக்கர் சிவப்பாகியிருக்கிறது. கீபோர்டு ரிப்பன் (தட்டையான கேபிள்) போய்ச் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு திட்டு, அதன் விளிம்பில் பச்சைப் பொடி. எஸ்எஸ்டி கழன்றது! நண்பரின் என்க்ளோஷரில் போட்டதும் கீ கேட்டது, கணக்கில் இருந்தது. ஆய்வேடு முழுதாக இருக்கிறது. இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டேன். அந்தப் பச்சைப் பொடியை நானே துடைக்கலாமா?

போர்டு வேலை பார்ப்பவர்:
நல்ல செய்தி. பச்சை என்றால் அரிப்பு தொடங்கிவிட்டது. 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மென்மையான டூத் பிரஷை நனைத்து மெதுவாகத் தேயுங்கள். 70% பாட்டிலில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான், அது வேண்டாம். எளிதில் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், திரையில் படவிடாதீர்கள். ரிப்பன் நுனியையும் துடையுங்கள். முக்கியமாக டிஸ்ப்ளே கேபிள் கனெக்டரைப் பாருங்கள். திரைக்கு வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்குப் பல வோல்ட் கொண்டுபோகும் உலோக முனை (பின்), டேட்டா பின்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அங்கே படிவு இருக்கும்போது ஆன் செய்தால் சேதம் பிராசஸர் வரை போய்விடலாம். கீபோர்டை மாற்றத்தான் வேண்டும், விசைகளுக்கு அடியிலுள்ள சவ்வுக்குள் போன சர்க்கரை வராது.

கேட்டவர்:
டிஸ்ப்ளே கனெக்டர் சுத்தமாக இருக்கிறது. பச்சைப் பொடியும் போய்விட்டது. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் பழுப்புத் தடம் போர்டின் அடிப்பக்கத்துக்கு இறங்குகிறது. போர்டைத் தூக்க எனக்குத் தைரியம் இல்லை. பேட்டரியைச் சொருகாமல் அப்படியே நாளை காலை சர்வீஸுக்கு எடுத்துப்போகிறேன்.

போர்டு வேலை பார்ப்பவர்:
அதுதான் சரி. காபி, எத்தனை மணிக்குக் கொட்டியது, ஒரு தடவை ஆன் செய்தது, எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். எங்கே தேடுவது என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.